தடுக்கும் சட்டமும் தாங்கும் கரமும்



ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீடு திரும்பிய தந்தை சாய்மனைக் கதிரையில் அமருகிறார். பத்து வயது மகனைக் கூப்பிடுகிறார். "தம்பி, ஓடிப்போய் முன்கடையிலை ரெண்டு சிகரட் வாங்கிக்கொண்டு வா. மிச்சக் காசுக்கு இனிப்பு வாங்கு" என்கிறார். பையன் ஓடுகிறான். கடைக்காரரும் கொடுத்தனுப்புகிறார். யாருடைய பிள்ளை, யாருக்காக வாங்குகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இதில் ஏதும் பிழை நடந்ததாக மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் நாட்டுச் சட்டப்படி அங்கே ஒரு குற்றம் நடந்துவிட்டது. 21 வயது நிரம்பாத ஒருவருக்குப் புகையிலைப் பொருள் எதனையும் விற்கலாகாது என 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விதித்திருக்கிறது. இதைச் சொன்னால் நம்மிற் சிலர் சிரிப்பார்கள். வேறு சிலருக்குக் கோபமும் வரும். "என்ரை காசு, என்ரை நெஞ்சு. நான் பத்தினால் அரசாங்கத்துக்கு என்ன?" என்று கேட்பார்கள்.

இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஒரு மனிதனை அவனிடமிருந்தே காப்பாற்ற அரசுக்கு உரிமை உண்டா? உண்டெனில் எதுவரை? அந்த உரிமையோடு சேர்ந்து வரும் கடமை யாது? இவற்றை இன்று சிறிது ஆழமாகச் சிந்திப்போம். புகைப்பவர்களும் புகைக்காதவர்களும் ஒரே வீட்டில் வாழும் குடும்பங்கள் நம்முடையவை. ஆகவே இக்கேள்வி நம் எல்லோருடையதுமாகும்.

சட்டம் சொல்வது என்ன?

முதலில் சட்டம் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கென உலக சுகாதார ஸ்தாபனத்தின் முயற்சியால் 2003ஆம் ஆண்டில் உலக நாடுகளின் ஒப்பந்தம் ஒன்று உருவாயிற்று. அவ்வாண்டிலேயே இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் வழியில், 2006ல் நமது பாராளுமன்றம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசெம்பர் 1ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. புகையிலை விளம்பரங்கள் தடைசெய்யப்பட்டன. விளையாட்டுப் போட்டிகளுக்கும் விழாக்களுக்கும் புகையிலைக் கம்பனிகள் தம் பெயரால் அனுசரணை வழங்குவது நின்றது. மூடிய பொது இடங்களில் புகைத்தல் குற்றமாயிற்று.

அதன்பின் பெட்டியின்மேல் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. 2012ல் சுகாதார அமைச்சு கொண்டுவந்த விதி நீதிமன்றம்வரை சென்றது. வழக்காடலுக்குப் பின்னர், 2015ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் திருத்தத்தின் மூலமே பெட்டியின் பரப்பில் 80 சதவீதம் படத்துக்கு என்பது நிலைபெற்றது. 2016ல் புகையிலை கலந்த மெல்லும் பண்டங்களும் மின்சிகரட்டுகளும் விற்பனைக்கு ஆகாதவை என அறிவிக்கப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தன் வீட்டு முற்றத்திலிருந்து ஒருவர் புகைத்தால் அவரை இச்சட்டம் தொடுவதில்லை. விற்பவரையும், ஆசைகாட்டி அழைப்பவரையும், பிறர் மூச்சுவிடும் மூடிய இடத்தில் புகை விடுபவரையுமே அது கட்டுப்படுத்துகிறது. சிகரட் வாங்கப்போன சிறுவனை அது குற்றஞ்சாட்டவில்லை. அவனுக்கு விற்றவரையே பிடிக்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. நமது விவாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கப்போகிறது.

என் காசு, என் நெஞ்சு

"என் காசு, என் நெஞ்சு" என்ற வாதத்துக்குத் தத்துவ உலகிலே பெரிய துணை ஒன்றுண்டு. ஆங்கிலேய அறிஞர் ஜோன் ஸ்டுவேட் மில், 1859ல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு வருவதைத் தடுப்பதற்காக மட்டுமே ஒருவர்மீது வலுக்கட்டாயம் செலுத்தப்படலாம் என்று வாதிட்டார். அவரவர் நன்மைக்காக என்று சொல்லி அவரவரைக் கட்டாயப்படுத்துவதற்கு எவருக்கும் அதிகாரமில்லை என்பது அவர் கருத்து. இதில் உண்மையுண்டு. எது நல்லது என்று தானே தீர்மானித்து, மக்கள் உண்பதையும் உடுப்பதையும் உத்தரவிடும் அரசு மனிதரைக் குழந்தைகளாக்கிவிடும். அப்படிப்பட்ட அரசை நாம் விரும்பமாட்டோம்.

ஆனால் மில் ஒரு விதிவிலக்கையும் சொன்னார். ஒருவன் தன்னையே அடிமையாக விற்றுவிடச் சுதந்திரம் உண்டா? இல்லை என்றார் அவர். ஏனெனில் அந்த ஒரே செயலால் இனிமேல் தெரிவுசெய்யும் வல்லமையையே அவன் இழந்துவிடுகிறான். சுதந்திரத்தை ஒழிப்பதற்குச் சுதந்திரத்தைச் சாட்டாகக் காட்ட முடியாது.

இனிப் புகைப்பவரின் நிலையைப் பார்ப்போம். உள்ளிழுத்த புகையிலுள்ள நிக்கொட்டின் ஏறக்குறையப் பத்து வினாடிகளில் மூளையைச் சென்றடைகிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகி, அதை எதிர்பார்த்திருக்கத் தொடங்குகிறது. கிடையாதபோது எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை எல்லாம் வருகின்றன. அதுமட்டுமன்று. புகைப்போரில் மிகப் பெரும்பாலோர் 25 வயதாகுமுன்னரே, அதிலும் பலர் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியவர்கள். பதினாறு வயதில் நண்பர்கள் முன்னிலையில் வெட்கத்துக்காகவோ வீரத்துக்காகவோ எடுத்த முதற் சிகரட்டுக்கு நாற்பது வயதுக் குடும்பஸ்தன் இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான். அன்று தெரிவு செய்தவன் ஒரு சிறுவன். இன்று விலை கொடுப்பவன் ஒரு தந்தை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2024ல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் புகையிலை பாவிப்போர் ஏறக்குறைய 125 கோடிப் பேர். அவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதை விட்டுவிட விரும்புகிறார்கள். விரும்பியும் முடியாதிருக்கிறார்கள். செய்ய விரும்பும் நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேனே என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்திலே தம்மைப்பற்றிப் புலம்புகிறார் அல்லவா? அந்த நிலையைப் புகைப்பவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆகவே "என் விருப்பம்" என்று அவர் சொல்லும்போது, எந்த விருப்பம் என்று நாம் அன்போடு கேட்க வேண்டியிருக்கிறது. புகைக்க வேண்டும் என்ற விருப்பமா? இதிலிருந்து தப்ப வேண்டும் என்ற விருப்பமா? இரண்டும் அவருடையவைதான். இரண்டாவதற்குத் துணைநிற்கும் சட்டம் அவருடைய சுதந்திரத்துக்குப் பகையானதென்று சொல்லலாகாது.

எல்லாத் தீமையையும் சட்டம் தடுக்கலாமா?

அப்படியானால் புகையிலையை அடியோடு தடைசெய்துவிட்டாலென்ன என்று சிலர் கேட்பார்கள். நல்ல மனம் படைத்தவர்களே அடிக்கடி இப்படிக் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல 13ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் இருக்கிறார்.

மனிதச் சட்டம் எல்லாத் தீய பழக்கங்களையும் தடைசெய்ய வேண்டுமா என்ற கேள்வியை அவர் தமது பெரும் இறையியல் நூலில் எழுப்புகிறார். வேண்டியதில்லை என்பதே அவரது விடை. சட்டம் பொதுமக்கள் எல்லாருக்குமாக இயற்றப்படுவது. அவர்களிற் பெரும்பாலோர் புண்ணியத்திலே முழுமை அடைந்தவர்களல்லர். எனவே பெரும்பாலோரால் விலகியிருக்கக்கூடிய பெருந் தீமைகளை, விசேடமாகப் பிறருக்குத் தீங்கு விளைப்பவற்றையே சட்டம் தடுக்க வேண்டும். தாங்க முடியாத பாரத்தைப் பலவீனர்மேல் ஏற்றினால் அவர்கள் அதை உடைத்துக்கொண்டு இன்னும் பெரிய தீமைகளில் விழுவார்கள் என்றும் அவர் எச்சரிக்கிறார். சட்டம் மனிதரை நன்மைக்குப் பழக்க வேண்டும்; ஆனால் படிப்படியாகப் பழக்க வேண்டும், ஒரே பாய்ச்சலில் அன்று.

இது ஏட்டுச் சிந்தனை மட்டுமன்று. நமது காலத்தில் இமயமலை நாடான பூட்டான் இதைப் பட்டறிந்தது. 2004ல் அந்நாடு புகையிலை விற்பனையை முற்றாகத் தடைசெய்தது. 2010ல் கடுமையான சட்டமொன்றை இயற்றியது. 2011ல் இருபத்துமூன்று வயதுப் பௌத்த துறவி ஒருவர், சில நூறு ரூபாவும் பெறாத மெல்லும் புகையிலைப் பொட்டலங்களை எல்லைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்ததற்காக மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நாடே கலங்கியது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஆயினும் கள்ளக் கடத்தல் ஓயவில்லை. ஈற்றில் 2021ல் விற்பனைத் தடையே நீக்கப்பட்டது. விற்பவனைத் தடுக்கப் புறப்பட்ட சட்டம் பழக்கத்துக்கு ஆளானவனைச் சிறையிலிட்டபோது, அது தன் நோக்கத்தையே தோற்கடித்துக்கொண்டது.

ஆகவே எல்லை எங்கே என்பது தெளிவாகிறது. அகப்பட்டவனைத் தண்டிப்பது சட்டத்தின் வேலையன்று. அகப்படுத்துபவனைத் தடுப்பதும், பக்கத்தில் நிற்பவனைக் காப்பதும் அதன் வேலை. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாம் புகைக்காமலே, பிறர் விட்ட புகையைச் சுவாசித்து மாண்டவர்கள். "என் நெஞ்சு" என்று சொல்பவர், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையின் நெஞ்சும் தம்முடையதுதானா என்று எண்ணிப் பார்க்கட்டும்.

எல்லையை இன்னொரு வழியாலும் வரைந்து பார்க்கிறார்கள். இன்று புகைப்பவரை விட்டுவிட்டு, இனிப் பிறந்துவருபவருக்கு விற்பனையை நிறுத்துவது அவ்வழி. நமது அயல்நாடான மாலைதீவில், 2007 சனவரி 1ஆந் திகதியன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் எவருக்கும் புகையிலை விற்கலாகாது என்ற சட்டம் 2025 நவம்பர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இது வெற்றிபெறுமா என்பதைக் காலந்தான் காட்டும்.

வரியாக வந்த பணம்

இனி ஒரு சங்கடமான விஷயத்துக்கு வருகிறோம்.

புகையிலையின் விலையை உயர்த்தினால் பாவனை குறையும். அதிலும் இளைஞரிடையே குறையும். இது உலகெங்கும் கண்ட உண்மை. ஆகவே வரி விதிப்பது நல்ல வழியென்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அரசுகளும் மகிழ்ச்சியோடு விதிக்கின்றன. ஆனால் அந்த மகிழ்ச்சியிலே ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. புகைப்பவன் புகைப்பதை விட்டுவிட்டால் திறைசேரிக்கு நட்டம். ஒரு கையால் பெட்டியின்மேல் அழுகிய நுரையீரலின் படத்தை ஒட்டிவிட்டு, மறு கையால் அதே பெட்டியிலிருந்து பணம் எடுக்கும் அரசு, உண்மையில் எதை விரும்புகிறது?

நியூசிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2009 சனவரி 1ஆந் திகதியன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்கு என்றுமே சிகரட் விற்கலாகாது என்ற சட்டத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் 2022 டிசெம்பரில் நிறைவேற்றியது. மறு ஆண்டு ஆட்சி மாறியது. புதிய அரசு 2024 பெப்ரவரியில் அதை நீக்கிவிட்டது. கள்ளச்சந்தை பெருகும் என்பன போன்ற காரணங்களும் சொல்லப்பட்டன. ஆனால், தொடர்ந்து கிடைக்கும் புகையிலை வரி தாங்கள் வாக்களித்த வரிக்குறைப்புக்கு உதவும் என்று நிதி அமைச்சரே பேசியபோது உலகம் திகைத்தது. ஒருவருடைய வரியைக் குறைக்க இன்னொருவர் புகைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று பலர் கேட்டார்கள்.

மற்றவர்களைச் சுட்டிக்காட்டுமுன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். பாப்பரசர் எட்டாம் உர்பானுஸ் 1642ல் செவில் மறைமாவட்டத்துக் கோவில்களில் புகையிலை பாவிப்பவர்களுக்குத் திருச்சபைக்குப் புறம்பாக்கும் தண்டனையை அறிவித்தார். ஆனால் பாப்பரசரின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளே பின்னர் புகையிலையால் வருமானம் தேடின. 1863ல், பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் ஆட்சியில், உரோமையிலேயே பெரிய புகையிலைத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. அண்மைக் காலம்வரை வத்திக்கான் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் சிகரட் விற்கப்பட்டு வந்தது. 2018 முதல் அவ்விற்பனை நிறுத்தப்படும் எனப் பாப்பரசர் பிரான்சிஸ் 2017 நவம்பரில் தீர்மானித்தார். உயிர்களுக்கு விலையாக வரும் இலாபம் நியாயமான இலாபமாக இருக்க முடியாது என்பதே சொல்லப்பட்ட காரணம். வருமானத்தை இழந்தும் அதைச் செய்தார்கள். காலந் தாழ்த்திச் செய்த நன்மையும் நன்மைதான்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? புகைப்பவரிடமிருந்து அரசு வாங்கும் வரி சாதாரண வருமானமன்று. அது ஒரு கடன். பழக்கத்துக்கு அடிமையான மனிதர் தம் நோயின் வழியாகக் கட்டிய பணம் அது. அவர்களிற் பெரும் பகுதியினர் ஏழைகள். நாட்கூலிக்குப் போகும் ஒருவர் தம் உழைப்பில் ஒரு பங்கை இப்படிக் கொடுக்கும்போது, அவருடைய பிள்ளைகளின் பாலும் கொப்பியும் அதற்குள் போய்விடுகின்றன. விலை ஏறும்போது அவர் சிகரட்டை விட்டுப் பீடிக்கு மாறுகிறார். மன்னார், கற்பிட்டிக் கடல்களில் கடற்படையினர் பீடி இலை மூடைகளைக் கைப்பற்றிய செய்திகளை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! வரி மட்டும் போதாது என்பதற்கு அம்மூடைகளே சாட்சி. வாங்கிய பணத்துக்கு ஈடாக, விடுபடுவதற்கான வழியை அரசு அவருக்குத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் அது நோயாளியிடம் வட்டி வாங்குவதற்கே ஒப்பாகும்.

கைகொடுக்கும் சட்டம்

விடுபடுவதற்கு உதவி என்றால் என்ன? "மனத்தைத் திடப்படுத்து, விட்டுவிடலாம்" என்று சொல்வதா? அப்படிச் சொல்பவர்களிற் பெரும்பாலோர் ஒருநாளும் புகைத்தறியாதவர்கள். எவ்வித உதவியுமின்றி விட முயல்வோரில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரே வெற்றி பெறுகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. மற்றவர்கள் எல்லோரும் திடசித்தமற்றவர்களா? இல்லை. அவர்கள் தனியே விடப்பட்டவர்கள்.

பயிற்சி பெற்றவரின் ஆலோசனையும் தகுந்த மருந்தும் கிடைத்தால் வெற்றி இரண்டு மடங்குக்கு மேலாகிறது. நிக்கொட்டின் கலந்த சுவிங்கமும், தோலில் ஒட்டும் பட்டியும், வைத்தியர் எழுதிக்கொடுக்கும் வேறு சில மாத்திரைகளும் உண்டு. புகையில்லாத முதற் சில நாட்களின் வேதனையை அவை தணிக்கின்றன. அந்த வேதனை சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதுவே பாதி மருந்து.

நான் முன்பு குறிப்பிட்ட 2003ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், புகையிலைப் பழக்கத்தை விடுவதற்குச் சிகிச்சையும் உதவியும் வழங்க வேண்டியது அரசுகளின் பொறுப்பு என்று 14ஆம் உறுப்புரை கூறுகிறது. இதை எழுத்தில் மட்டும் வைத்திராமல் செய்துகாட்டிய சிறு நாடுகளில் ஒன்று தென்னமெரிக்காவின் உருகுவே. அதன் சனாதிபதியாக இருந்த தபாரே வாஸ்கேஸ் ஒரு புற்றுநோய் வைத்தியர். 2006 மார்ச்சில் அந்நாடு மூடிய பொது இடங்களில் புகைத்தலை முற்றாகத் தடைசெய்தது. பின்னர் பெட்டியின் 80 சதவீதத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கியது. அதற்காக ஓர் உலகப் பெருங்கம்பனி 2010ல் அந்நாட்டுக்கெதிராகச் சர்வதேச நடுவர் மன்றம் சென்றது. 2016ல் உருகுவேயே வென்றது. இவற்றையெல்லாம் செய்தபோது அந்நாடு இன்னொன்றையும் மறக்கவில்லை. புகையிலைக்கு அடிமையானவர்களைக் கண்டறிந்து சிகிச்சையளிப்பது ஆரம்ப வைத்திய சேவையின் கடமை என்று 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. தடுக்கும் கையும் தாங்கும் கையும் ஒரே சட்டத்தில் அமைந்தன.

நமது நாட்டிலும் ஆலோசனை சொல்லும் தொலைபேசிச் சேவை போன்ற முயற்சிகள் தொடங்கப்பட்டிருக்கின்றன. நல்லது. ஆனால் காய்ச்சலுக்கு மருந்து வாங்கக் கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு தொழிலாளியிடம், "ஐயா, நீங்கள் புகைப்பீர்களா? விட விருப்பமா? அடுத்த கிழமை வாருங்கள், நாங்கள் உதவுகிறோம்" என்று யாராவது கேட்கிறார்களா? அக்கேள்வி ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் கேட்கப்படும் நாளிலேதான் நமது சட்டம் முழுமை பெறும்.

காலம் பிந்திவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். பிரித்தானிய வைத்தியர்களின் புகைப்பழக்கத்தை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த சேர் றிச்சட் டோலும் அவர் துணைவர்களும் 2004ல் தம் முடிவை வெளியிட்டார்கள். இடைவிடாது புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழந்தார்கள். ஆனால் அறுபது வயதில் விட்டவர் மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார். முப்பதில் விட்டவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார். பேரப்பிள்ளையின் முதல் நன்மையைக் காண்பதற்கு மூன்று ஆண்டுகள் போதாதா?

செம்மண் நிலத்து உழவன்

இங்கே நம் மனத்தை உறுத்தும் இன்னொரு கேள்வியையும் நாம் தவிர்க்கலாகாது. யாழ்ப்பாணத்துச் செம்மண் நிலத்தில், கிணற்று நீர் இறைத்துப் புகையிலை நட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் எத்தனை! ஒல்லாந்தர் காலந்தொட்டே யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. அந்தப் பணத்தில் கல்வீடுகள் எழுந்தன; கோவில்களும் எழுந்தன. சுருட்டுக் கொட்டில்களில் உட்கார்ந்து சுருட்டிய விரல்களால் அடுப்பு எரிந்த வீடுகள் பல. இவர்களையெல்லாம் குற்றவாளிகள் என்று சொல்லலாமா?

சொல்லலாகாது. தீங்கு தெரியாத காலத்தில் செய்த உழைப்பு அது. ஆனால் தெரிந்த பின்னர் அப்படியே தொடர்வதும் சரியன்று. அதே ஒப்பந்தத்தின் 17ஆம் உறுப்புரை, புகையிலைச் செய்கையாளருக்கும் தொழிலாளருக்கும் சிறு விற்பனையாளருக்கும் மாற்றுத் தொழில் கிடைக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. நட்டுவிட்ட பயிரைப் பிடுங்கு என்று உத்தரவிடுவது இலகு. அதற்கு ஈடான வேறு பயிரையும் அதற்குரிய சந்தையையும் கொடுப்பதே கடினம். ஆனால் அந்தக் கடினமான வேலையைச் செய்யாமல் உத்தரவு மட்டும் போடும் சட்டம், உழவனைப் பொறுத்தவரையிலும் அரைச் சட்டந்தான்.

நம் வீடுகளில்

சட்டத்தையும் அரசையும் பற்றி இவ்வளவு பேசினோம். சட்டம் வாசற்படிவரைதான் வரும். அதற்கு உள்ளே நாம்தான் இருக்கிறோம்.

தாய்மாரே, புகைக்கும் கணவரைப் பிள்ளைகள் முன்னிலையில் ஏளனஞ் செய்யாதீர்கள். ஏளனத்தால் எவரும் திருந்தியதில்லை. ஒளித்துப் புகைக்கத்தான் பழகுவார்கள். அவர் விட்டுப்பார்க்கும் நாட்களில் எரிந்து விழுந்தால், அது அவருடைய குணமன்று, அவர் நடத்தும் போராட்டம் என்று உணருங்கள். இரண்டாந்தரம், மூன்றாந்தரம் தோற்றாலும் "இதுதானே தெரியும்" என்று சொல்லாதீர்கள். வென்றவர்களிற் பலர் முன்பு பலமுறை தோற்றவர்களே.

தந்தையரே, விட முடியாதிருப்பது உங்கள் பலவீனமாக இருக்கலாம். ஆனால் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து வாங்கிவரச் செய்வது பலவீனமன்று, பிழை. இன்று அப்பாவுக்காக வாங்குகிற கை நாளை தனக்காக வாங்கும். வீட்டுக்குள் புகைப்பதில்லை, பிள்ளையை அனுப்புவதில்லை என்ற இரண்டு தீர்மானங்களையாவது இன்றைக்கே செய்யலாம். அதற்கு மருந்தும் வேண்டாம், வைத்தியரும் வேண்டாம்.

கடை நடத்தும் சகோதரரே, முகந் தெரிந்த பிள்ளையென்று கொடுத்துவிடாதீர்கள். முகந் தெரிந்த பிள்ளை என்பதால்தானே கொடாதிருக்க வேண்டும்!

நம் செத்த வீடுகளில் வெற்றிலைத் தட்டத்தோடு சிகரட்டும் சுருட்டும் வைத்து நீட்டுகிறோம். வைக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று பயம். மார்பு நோயால் இறந்த ஒருவரின் உடலுக்குப் பக்கத்திலேயே அந்தத் தட்டம் சுற்றிவருவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த வழக்கத்தை நிறுத்தப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒரு குடும்பம் துணிந்தால் அடுத்த குடும்பத்துக்கு வழி பிறக்கும்.

நம் வாக்கைக் கேட்டு வருபவர்களிடம் நாமும் ஒன்றைக் கேட்போம். "புகையிலை வரியாக எங்களிடம் இவ்வளவு வாங்குகிறீர்கள். எங்கள் கிராமத்து ஆஸ்பத்திரியில் புகைப்பதை விட விரும்புபவருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?" அவர்கள் விடை சொல்லும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.

அந்தப் பத்து வயதுச் சிறுவன் இன்னும் முன்கடைக்குப் போகும் வழியில்தான் நிற்கிறான். கடைக்காரர் இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பினால் சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் வெறுங்கையோடு திரும்பிய மகனைப் பார்த்துத் தந்தை என்ன செய்யப்போகிறார்? தாமே எழுந்து கடைக்கு நடப்பாரா? அல்லது, இன்றைக்கு வேண்டாம் என்று அமர்ந்துவிடுவாரா? அவர் அமர்ந்துவிட வேண்டுமென்று நாம் ஆசைப்பட்டால், அந்த ஒரு நாளில் அவர் தனியே இராதபடி பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய கடமையுமாகும்.